காமாலையா, எலிக் காய்ச்சலா? ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

குடியாத்தம் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீசியன். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஜனங்கள் முதலில் கேள்வி கேட்பது எதிரில் நிற்கும் என்னைத்தான். ஐப்பசியில் மழை பிடித்தால் தை முடியும்வரை அதே கேள்விகள்தான். ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பதில்களை எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் படித்துக்காட்டித் திருத்திக்கொண்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எலிக் காய்ச்சல்னா எலி கடிச்சு வர்றதுதானே அக்கா?

இல்லை. எலி கடித்து வரும் காய்ச்சல் வேறு, அது அபூர்வம். நாம் எலிக் காய்ச்சல் என்று சொல்வது லெப்டோஸ்பைரோசிஸ். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, நூலைவிட மெல்லிய திருகுச் சுருள் மாதிரி இருக்கும், முனை கொக்கிபோல வளைந்திருக்கும். விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருந்து மூத்திரத்தோடு வெளியே வரும். நல்ல தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதில் நாம் கால் வைக்கும்போது வெட்டுக்காயம், சிராய்ப்பு, பித்தவெடிப்பு வழியாக உள்ளே போகும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும்.

காய்ச்சல், காமாலை, சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரும் கடுமையான வடிவத்தை 1886இல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் விவரித்தார். அதனால் அதற்கு வைல் நோய் என்றே பெயர். அப்போது கிருமி எதுவென்று தெரியாது. அது கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து ஜப்பானில் பிடிபட்டது.

எங்க வீட்ல எலியே கிடையாது. மாடுதான் வச்சிருக்கோம். அப்புறம் எப்படி வரும்?

மாட்டிடமிருந்தும் வரும். ஆடு, பன்றி, நாய் எல்லாமே இந்தக் கிருமியைச் சுமக்கும். பல சமயம் அந்த மாட்டுக்கு ஒரு நோவும் தெரியாது. பால் கறக்கும், தின்னும், மூத்திரத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும். வெறுங்காலோடு கொட்டகை கழுவுகிறவர், மாடு கன்று போடும்போது கைவிட்டு இழுக்கிறவர் இருவருக்குமே ஆபத்து உண்டு. பெயரில் எலி இருப்பதால் மாடு வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் நோயாக நினைப்பதே இல்லை. இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

எலி இல்லாத வீடு என்பதையும் நான் நம்புவதில்லை. நெல் மூட்டை இருக்கிறதா? அப்போது எலியும் இருக்கிறது.

நம்ம ஊரு வறண்ட ஊராச்சே. பாலாத்துல தண்ணியே பார்த்ததில்ல. இதெல்லாம் கேரளாக்காரங்களுக்கு வர்றதில்லையா?

கேரளத்தில் அதிகம் என்பது உண்மை. சென்னையிலும் அந்தமானிலும் உண்டு. ஆனால் பாலாறு மணலாகக் கிடப்பதை வைத்து முடிவுகட்டக் கூடாது. 2021 நவம்பரில் அதே பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தோமே. வெள்ளம் வடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரம்தான் இந்த நோய்க்கு உகந்த காலம்.

வெள்ளமே வேண்டாம். கிணற்றுப் பாசனத்தில் சேடை ஓட்டிய (நடவுக்காகச் சேறாக்கிய) ஒரு காணி நிலம், மதகுக்குக் கீழே தேங்கிய வாய்க்கால், சாக்கடை அடைப்பெடுக்கும் வேலை, எப்போதும் ஈரமாகக் கிடக்கும் மாட்டுக் கொட்டகை, கறிக்கடையின் பின்கட்டு போதும். வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றிலும் இந்த வேலைகள் இருக்கின்றன.

சாதாரணக் காய்ச்சலுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில். குளிர் நடுக்கத்தோடு திடீரென்று அடிக்கும். தலைவலி, வாந்தி இருக்கும். இதெல்லாம் எல்லாக் காய்ச்சலிலும் வரும். இரண்டு அடையாளத்தை மட்டும் கவனியுங்கள்.

ஒன்று, கெண்டைக்கால் வலி. வெறும் உடம்பு வலி இல்லை, கெண்டைச் சதையைத் தொடவிடாத வலி. இடுப்பிலும் அப்படி வரும். எங்களிடம் ரத்தம் கொடுக்க வந்த ஒரு நடவுக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தபோது, பெஞ்சின் விளிம்பு கெண்டைக்காலில் பட்டதும் அலறி எழுந்துவிட்டார். கையில் ஊசி குத்தும்போது ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு, கண் சிவப்பு. மெட்ராஸ் ஐ மாதிரி பீளை தள்ளாது, ஒட்டிக்கொள்ளாது. வெள்ளை விழி முழுக்க ரத்தம் பரவிய மாதிரி சிவந்திருக்கும். எல்லோருக்கும் இவை வருவதில்லை. வந்தால் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

டெங்கு நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ். அப்போ வைரல் காய்ச்சல்தானே? தானா போயிடுமில்ல?

இரண்டு நோய் இல்லை என்று சொன்னால் மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று ஆகாது. எதுவும் இல்லை என்றும் ஆகாது. லெப்டோவைக் கேட்டால்தான் சோதிப்போம். சீட்டில் எழுதாததை நாங்கள் போடுவதில்லை. காய்ச்சல் பேக்கேஜ் என்று விற்கிற பலவற்றில் இது இருக்காது.

டைபாய்டுக்குச் செய்யும் வைடால் சோதனை லேசாகப் பாசிட்டிவ் வந்து 'டைபாய்டு' என்று ஒரு வாரம் ஓடிவிடுவதும் அடிக்கடி நடக்கும். நம் ஊரில் பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எல்லாவற்றிலும் வைடால் கொஞ்சம் ஏறிக் காட்டும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆமாம், லெப்டோவில் பாதிக்கு மேல் லேசாக வந்து தானாகவே போய்விடும். எந்த ஆளுக்குக் கடுமையாகும் என்று முதல் நாளே தெரியாது, அதுதான் சிக்கல்.

கண்ணு மஞ்சளாயிடுச்சு. காமாலைக்கு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து பத்தியம் இருந்தா போதாதா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நோட்டே எழுத ஆரம்பித்தேன்.

காமாலை என்பது நோயின் பெயரில்லை, அடையாளம். ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஏறினால் கண் மஞ்சளாகும், அது ஏறுவதற்கு ஏகப்பட்ட காரணம். தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். அப்படிச் சரியாகும்போது யார் என்ன மருந்து கொடுத்திருந்தாலும் பேர் அவருக்குப் போகும். எங்கள் பாட்டியும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் லெப்டோ பாக்டீரியாவால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, சீக்கிரம் கொடுத்தால் வேலை செய்யும். பத்தியத்தில் போகிற அந்த ஐந்து நாள்தான் அதற்கான நாள்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. வைரஸ் காமாலையில் பொதுவாக முதலில் காய்ச்சலும் வாந்தியும் வரும். கண் மஞ்சளாகத் தொடங்கும்போது காய்ச்சல் இறங்கிவிடும். லெப்டோவில் கண் மஞ்சளான பிறகும் காய்ச்சல் விடாது. மஞ்சள் ஒரு பக்கம், காய்ச்சல் ஒரு பக்கம், கெண்டைக்கால் வலி ஒரு பக்கம் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் பச்சிலை தேடிப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பித்தக் குழாய் அடைப்பு, மலேரியா போன்றவையும் காய்ச்சலோடு காமாலை தரும். அவையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய்கள் இல்லை.

பிலிரூபின் 14ன்னு போட்டிருக்கீங்க, எஸ்ஜிபிடி 110தான் இருக்கு. ரெண்டும் பொருந்தலையே, மெஷின் ரிப்பேரா?

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. இப்படிப் பொருந்தாமல் இருப்பதே ஒரு துப்பு. ஹெபடைடிஸ் வைரஸ் கல்லீரல் செல்களை உடைத்துத் தள்ளும். உள்ளே இருக்கிற எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் கொட்டி ஆயிரம், இரண்டாயிரம் என்று போகும். லெப்டோவில் கல்லீரல் செல்கள் அவ்வளவாகச் சாவதில்லை. பித்தம் வெளியேறும் வேலைதான் தடுமாறுகிறது. அதனால் பிலிரூபின் எங்கேயோ போய் நிற்கும், எஸ்ஜிபிடி ஒன்றிரண்டு நூறோடு நின்றுவிடும்.

இதோடு பிளேட்லெட் குறைவு, சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றம், தசை நொறுங்குவதைக் காட்டும் சிபிகே ஏற்றம், மூத்திரத்தில் புரதம் ஆகியவையும் இருந்தால் டாக்டரின் சந்தேகம் லெப்டோ பக்கம் பலமாகச் சாயும். கல்லீரல், சிறுநீரகம், தசை மூன்றும் ஒரே வாரத்தில் அடி வாங்குவது சாதாரணக் காமாலையில் வழக்கமில்லை. இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் நான் கவரில் போட்டு நீட்டாமல், 'இன்றைக்கே காட்டுங்கள்' என்று சொல்லிக் கொடுப்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

எங்க வூட்டுக்காரர் குடிப்பாருமா. குடியாலதான் லிவர் போச்சுன்னு சொல்லிட்டாங்க. வேற எதுவும் பார்க்கத் தேவையில்லையா?

பார்க்க வேண்டும். குடியால் வரும் கல்லீரல் அழற்சியிலும் பிலிரூபின் ஏறும், எஸ்ஜிபிடி நிதானமாக இருக்கும், காய்ச்சல்கூட வரும். எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி எஸ்ஜிபிடியைவிட அதிகமாக இருக்கும். லெப்டோவிலும் எஸ்ஜிஓடி அதிகமாக இருக்கலாம், ஏனென்றால் அது தசையிலிருந்தும் வருகிறது. ஆக, மேலே சொன்ன கல்லீரல் எண்கள் மட்டும் இந்த இடத்தில் உதவாது.

குடிக்கிறவர் என்றதும் மற்ற கேள்விகள் நின்றுபோகின்றன. சாக்கடை வேலையோ, மாட்டு வேலையோ செய்கிற ஆள் சாயந்திரம் குடிக்கவும் செய்வார். அவருக்கு இரண்டில் எதுவும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். காய்ச்சல் எப்போது தொடங்கியது, அதற்கு முன் இரண்டு வாரம் எந்த வேலைக்குப் போனார், காலில் புண் இருந்ததா என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்ல மாட்டார், கூச்சப்படுவார். சிபிகேயும் கிரியாட்டினினும் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

லெப்டோ டெஸ்ட்டும் எடுத்தோம், நெகட்டிவ்னு வந்துச்சு. அப்புறமும் டாக்டர் அதுக்கே மருந்து குடுக்கிறாரே?

எத்தனையாவது நாள் எடுத்தீர்கள்? அதுதான் முக்கியம். நாங்கள் செய்யும் ஐஜிஎம் சோதனை கிருமியைத் தேடுவதில்லை; கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் எடுத்தால் நெகட்டிவ்தான் வரும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் மாறலாம். முதல் வாரத்தில் கிருமியையே பிடிக்க வேண்டுமானால் அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எடுக்க வேண்டும், அதற்கு பெரிய லேப்தான் வழி.

ஆதாரபூர்வமானது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொள்வது மேட் என்ற சோதனை. உயிருள்ள லெப்டோஸ்பைராவை வளர்த்து வைத்துக்கொண்டு, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை (சீரம்) அதில் கலந்து, மைக்ராஸ்கோப்பில் கிருமிகள் கட்டிகட்டியாக ஒட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டு தடவை ரத்தம் எடுத்து எதிர்ப்பொருளின் அளவு நாலு மடங்கு ஏறியதா என்று ஒப்பிட வேண்டும். விடை வருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். அதனால்தான் டாக்டர்கள் காகிதத்துக்குக் காத்திருக்காமல் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குகிறார்கள். எதிர்ப்பொருள் பல மாதம் ரத்தத்தில் தங்கும் என்பதால், பாசிட்டிவ் வந்தாலும் அது போன மழைக்காலத்துத் தொற்றாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடிய சோதனை இது.

ஸ்கரப் டைபஸ்னு ஒரு லேப், லெப்டோன்னு இன்னொரு லேப். எதை நம்புறது?

வேலூர் வட்டாரத்தில் மழைக்கும் பனிக்கும் இடையில் ஸ்கரப் டைபஸ் நிறையவே வருகிறது. புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்து வருவது. அதிலும் காய்ச்சல், தலைவலி, பிளேட்லெட் குறைவு, எஸ்ஜிபிடி லேசாக ஏறுவது எல்லாம் உண்டு. சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் போகும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு படும் இடத்தில் ஒளிந்திருக்கும். குளிக்கும்போது தேடிப் பாருங்கள்.

டாக்சிசைக்ளின் இரண்டையும் குணப்படுத்தும். லெப்டோவுக்குக் கேட்கும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ ஸ்கரப் டைபஸுக்குக் கேட்காது. எது என்று தெளிவாகும்வரை டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குழப்பத்தில் கொடுக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

அந்த டாக்சி மாத்திரையை மெடிக்கல்ல நானே வாங்கிக்கலாமா? விலை கம்மிதானே?

விலை கம்மிதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. லேசான நோய்க்கு 100 மில்லிகிராம் காலை, இரவு என்று ஏழு நாள் வழக்கம். காமாலையோ மூச்சுத் திணறலோ இருந்தால் மாத்திரையில் தீராது, பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி நரம்பில் போக வேண்டும். முதல் வேளை மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் நடுக்கமும் காய்ச்சலும் கூடலாம். கிருமி ஒரேயடியாகச் சாவதால் வருவது அது. பயந்து நிறுத்தக் கூடாது.

மாத்திரையைவிட எனக்குப் பயம் ஊசிமேல்தான். 'உடம்பு வலிக்கு ஒரு ஊசி போடுங்க' என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஏற்கனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் அடிக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், அதுவும் கல்லீரல் நிலையைப் பார்த்து டாக்டர் சொன்ன அளவில்.

ரெண்டு நாளா காய்ச்சல் இல்ல, வேலைக்கும் போயிட்டாரு. இப்ப திரும்ப வந்திருக்கு. வேற காய்ச்சலா?

அதே காய்ச்சலாக இருக்கலாம். முதல் கட்டத்தில் கிருமி ரத்தத்தில் சுற்றும். ஒரு வாரத்தில் அடங்கி, ஒன்று முதல் மூன்று நாள் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும். பிறகு உடம்பின் எதிர்ப்பே கிளம்பி இரண்டாம் கட்டம் வரும். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், மூத்திரம் குறைவது, நினைவு தடுமாறுவது, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பது, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். நுரையீரலுக்குள் ரத்தம் கசிவதுதான் ஆளை வேகமாகக் கொண்டுபோவது. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்த நோய் கடுமையாக வருகிறது, கிட்டத்தட்ட 59,000 பேர் சாகிறார்கள் என்று 2015இல் ஒரு மதிப்பீடு வெளியானது.

'மூத்திரம் நல்லாத்தான் போவுது' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். லெப்டோவில் மூத்திரம் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே கிரியாட்டினின் ஏறும்.

டயாலிசிஸ் போட்டாங்க. இனிமே வாழ்நாள் முழுக்க போடணுமா? லிவரும் கெட்டதுதானா?

பெரும்பாலும் இல்லை. பிழைத்து எழுந்தவர்களில் அநேகருக்குச் சிறுநீரகம் தேறிவிடும், டயாலிசிஸ் சில தடவையோடு நின்றுவிடும். கல்லீரலும் திரும்பிவிடும். ஹெபடைடிஸ் பி மாதிரி உள்ளேயே தங்கி, கல்லீரலைச் சுருக்குகிற நோய் இல்லை இது. மஞ்சள் இறங்க மட்டும் சில வாரம் ஆகும், பொறுமை வேண்டும். சில மாதம் கழித்துக் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் கண் டாக்டரைப் பாருங்கள், பழைய லெப்டோவைப் பற்றிச் சொல்லுங்கள்.

தட்டு, டம்ளர் தனியா வச்சிட்டோம். குழந்தைங்களைக் கிட்ட விடறதில்ல. சரிதானே?

தேவையில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவது மிக அபூர்வம். கழிவறையில் மூத்திரம் போகட்டும், கை கழுவட்டும், அவ்வளவுதான். தட்டைத் தனியாக வைத்து அவர் மனசை நோகடிப்பதுதான் மிச்சம்.

கூல்டிரிங்ஸ் டின் மேல எலி மூத்திரம் இருந்து ஒருத்தர் செத்துட்டாராமே, வாட்சப்ல வந்துச்சு.

வருஷா வருஷம் வருகிறது. காய்ந்த இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. டின்னைத் துடைத்துக் குடிப்பது நல்ல பழக்கம், ஆனால் இந்தக் கதைக்குப் பயந்து இல்லை. எலி ஏறிய அரிசியைக் களைந்து சோறாக்கினாலும் கொதியில் கிருமி செத்துவிடும். மூடாத குடத்துத் தண்ணீரைப் பற்றி யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்வதில்லை.

நாய்க்குக்கூட ஊசி இருக்கு, மனுசனுக்கு இல்லையா? ஒரு தடவை வந்தா திரும்ப வராதுல்ல?

நாய்க்குப் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கும். மனிதருக்கு கியூபா, சீனா, பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் உண்டு, இங்கே பொதுப் புழக்கத்தில் இல்லை. இந்தக் கிருமியில் 250க்கும் மேற்பட்ட வகை இருக்கிறது. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் இன்னொன்றுக்கு உதவாது. அதனால் திரும்பவும் வரலாம்.

வெள்ளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் என்று சில சமயம் கொடுப்பார்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

பூட்ஸ் போடுங்கன்னு போஸ்டர்ல போட்டிருக்கு. சேத்துல பூட்ஸ் போட்டு நடவு நட்டுக் காட்டச் சொல்லுங்க பார்க்கலாம்!

கேட்டவர் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரம்மா, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நியாயம்தான். சேடையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு காலை மட்டும்தான் வெளியே எடுக்க முடியும். கொட்டகை கழுவவும் சாக்கடை வேலைக்கும் பூட்ஸ் சரி, நடவுக்கு ஆகாது.

நடவுக்கு முடிந்தது இதுதான்: காலில் புது வெட்டோ ஆழமான வெடிப்போ இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்குங்கள். அந்த நாள் வரப்பு வேலைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. கரையேறியதும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்காமல் பம்புசெட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொட்டகையில் தண்ணீர் தேங்காமல் சரிவு வைத்து, அவ்வப்போது பிளீச்சிங் பவுடர் போடுங்கள்.

அந்தம்மா கேட்டுக்கொண்டே குனிந்து தன் குதிகாலைப் பார்த்தார். ஒரு பத்து காசு நுழைகிற மாதிரி வெடிப்பு. 'சோப்பு எடுத்துட்டுப் போனா மத்தவளுங்க சிரிப்பாளுங்களே' என்றார். அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க வந்தபோது, ஆளாளுக்கு எடுத்து அந்தச் சோப்பே தீர்ந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.